விசாரிக்க வந்தவர்கள்

வந்தவர்கள் யாரைப் பற்றி விசாரிக்கிறார்கள் என்று தெரிந்ததும் சத்தியபாயின் கையிலிருந்த நாற்காலி பாதியில் நின்றது. பிறகு அதைத் தரையில் வைத்து, முந்தானையால் துடைத்து, "இரியுங்க" என்றாள். அதுவரை மீன் கழுவிக்கொண்டிருந்த கை. அதைக்கூட மறந்துபோயிருந்தாள்.

வந்தவர்கள் இரணியலைச் சேர்ந்த கணவனும் மனைவியும். பக்கத்து வீட்டு ராஜையன், நேசம்மாள் தம்பதியின் மகள் லிஜியைத் தங்கள் அண்ணன் மகன் சிஜோவுக்குப் பார்த்திருக்கிறார்கள். சிஜோவுக்கு மஸ்கட்டில் வேலை. பிள்ளை எப்படி, உடம்புக்கு ஏதாவது உண்டுமா என்று அக்கம்பக்கத்தில் கேட்டுவிட்டுப் போக வந்தார்களாம். ராஜையன் வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாத வீடு எது என்று தெருமுனைக் கடையில் கேட்டுத்தான் இங்கே வந்திருந்தார்கள். விசாரிக்கத் தெரிந்தவர்கள்.

சத்தியபாய் ஒன்பது வருடம் காத்திருந்தது இந்த இரண்டு பேருக்காகத்தான். சொல்லவேண்டிய வார்த்தை நாக்கில் தயாராக இருந்தது. ஆனால் அதைச் சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி பெமிலா, இங்க வா. நேசம்மாளுக்க மகளைப் பத்திக் கேக்க வந்திருக்காவ. நீயே சொல்லு."

பெமிலா கருங்கலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். முப்பத்துமூன்று வயது. மதிய டியூட்டிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவள் கையில் சீப்போடு வந்து கதவோரம் நின்றாள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் இதேபோல இரண்டு பேர் பெமிலாவை விசாரிக்க வந்தார்கள். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். பெண் பார்த்து, இரண்டு வீட்டாருக்கும் பிடித்து, நிச்சயத்துக்கு நாளும் குறித்தாகிவிட்டது. வந்தவர்கள் நேராக ராஜையன் வீட்டுக்குப் போனார்கள். ராஜையனின் மனைவி நேசம்மாள் அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். நல்ல பிள்ளை, நல்ல குடும்பம் என்றெல்லாம் சொன்னாள். அவர்கள் எழுந்த பிறகு, குரலைத் தாழ்த்தி ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். வலிப்பு.

மூன்று வயதில் கடும் காய்ச்சலில் பெமிலாவுக்கு ஒருமுறை கைகால் இழுத்தது உண்மை. அன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்களில் நேசம்மாளும் ஒருத்தி. அது காய்ச்சலோடு போயிற்று, பிறகு ஒருநாளும் வந்ததில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். அதை அவள் சொல்லவில்லை.

நிச்சயம் நின்றது. நாலே மாதத்தில் அதே வாத்தியாருக்கு நேசம்மாளின் அண்ணன் மகளைக் கெட்டிக்கொடுத்தார்கள். பெமிலாவுக்குப் பிறகு வந்த மூன்று சம்பந்தங்களும் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுத் திரும்பின. நாலாவது வரவேயில்லை. அவளுடைய அப்பா முத்துநாயகம் சபைக் கமிட்டியில் புகார் எழுதிக் கொடுத்தார். ராஜையன் கமிட்டி உறுப்பினர். தான் அப்படி எதுவும் சொல்லவில்லை என்று நேசம்மாள் அங்கே சத்தியம் பண்ணினாள். அன்றைய போதகர் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணி, மன்னித்துவிடுங்கள், கிறிஸ்தவனுக்கு அதுதான் அழகு என்று சொல்லிவிட்டுப் போனார். முத்துநாயகம் மன்னிக்கவில்லை. அடுத்த வருடம் நெஞ்சுவலியில் இறந்துபோனார். அவருடைய அடக்க ஆராதனையில் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் சார்பில் ஆறுதல் ஜெபம் பண்ணியவள் சங்கத்தின் செயலாளர் நேசம்மாள். அந்த ஜெபம் முடியும்வரை பெமிலா கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து பெமிலாவும் ஒரு வாக்கியத்தைத் தயார்செய்து வைத்திருந்தாள். ஊசி போடும்போதும், பஸ்ஸில் நிற்கும்போதும், ஆராதனையில் முன்பெஞ்சில் நேசம்மாளின் பின்கழுத்தைப் பார்க்கும்போதும் அதைத் திருத்தித் திருத்திச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பொய்யென்று யாரும் பிடிக்க முடியாத வாக்கியம். 'நல்ல பிள்ளைதான், ஆனா ராத்திரி பத்து மணிக்கு மேல யாரோடயோ போன்ல பேசுவா.' இவ்வளவு போதும். ஒரு பெண்ணை ஒழித்துக்கட்ட இந்தத் தெருவில் இதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை.

இப்போது வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மதிலுக்கு அப்பால் லிஜி மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இருபத்துமூன்று வயது. அந்த வார்த்தை சொல்லப்பட்டபோது அவள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள். பெமிலா வாயைத் திறந்தாள். வாக்கியத்தின் முதல் பாதி வந்தது. மறுபாதி எங்கே போய் விழும் என்று அந்த நொடியில் அவளுக்குத் தெரிந்தது. நேசம்மாள் மேல் விழாது. அப்படிப்பட்ட ஒரு வார்த்தை விழுந்த இடத்தில் ஒன்பது வருடமாக நின்றுகொண்டிருப்பவள் பெமிலா.

"நல்ல பிள்ளையாக்கும்" என்றாள். "பி.காம். முடிச்சிருக்கா. ஒரு குறையும் சொல்ல முடியாது."

சத்தியபாய் சமையலறைக்குப் போய்விட்டாள்.

வந்த பெண்ணுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. விரோதம் உள்ள வீட்டிலேயே இப்படிச் சொன்னால் வேறென்ன வேண்டும். எழுந்திருக்கும்போது மனம் நிறைந்து, "போன தடவ நாங்க ஒண்ணும் விசாரிக்காம பொண்ணு எடுத்திட்டோம் மக்கா. அந்தப் பிள்ளைக்கு வாய் கொஞ்சம் கூடுதலாப் போச்சு" என்றாள்.

கணவர் கனைத்தார். அவள் நிறுத்திக்கொண்டாள். போன தடவையா என்று பெமிலா கேட்டதற்கு, ஒரு காரியம் ஒத்துவராமல் போயிற்று என்று மட்டும் சொல்லிவிட்டு இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டார்கள்.

அன்று சத்தியபாய் மகளுக்குச் சாப்பாடு எடுத்து வைக்கவில்லை. பெமிலா தானே போட்டுச் சாப்பிட்டுவிட்டு டியூட்டிக்குப் போனாள். மறுநாள்தான் சத்தியபாய் வாயைத் திறந்தாள்.

"ஒனக்க அப்பன் செத்தது ஒனக்கு மறந்து போச்சு, இல்லியா?"

"மறக்கல்ல அம்மா."

"பின்ன?"

பெமிலா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினாள். அதற்குள் அவளுக்கு வேறொரு காரியம் தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் அவளோடு வேலைபார்க்கும் ஒருத்திக்கு ஊர் இரணியல். சிஜோவா என்று கேட்டுவிட்டு, சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னாள். அவனுக்கு நாலு வருடத்துக்கு முன்னால் கல்யாணம் நடந்தது. ஜெஸ்பின் என்ற பெண். கல்யாணமான ஏழாவது மாதத்தில் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். கோர்ட்டில் விவாகரத்து வாங்கி எல்லாம் முடிந்துவிட்டது. ஏன் வந்தாள் என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை.

இதைக் கேட்ட நாளிலிருந்து பெமிலாவுக்கு ஒரு விசித்திரமான சந்தோஷம் பிடித்தது. அவள் பொய் சொல்லவில்லை. கெட்ட வார்த்தை எதுவும் சொல்லவில்லை. நல்லதையே சொன்னாள். இனி வாயை மூடிக்கொண்டிருந்தால் மட்டும் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும். நேசம்மாள் தன் கையாலேயே மகளைக் கொண்டுபோய் அந்த வீட்டில் விடுவாள். அதில் பெமிலாவின் மேல் ஒரு துளி பாவமும் ஒட்டாது. ஒன்பது வருடமாகச் செதுக்கிய வாக்கியத்தைவிட இந்த மௌனம் நன்றாக இருந்தது.

கல்யாணம் நிச்சயமானது. நேசம்மாள் தெருவில் எல்லா வீட்டுக்கும் முந்திரிக்கொத்துப் பலகாரமும் பழமும் கொடுத்தனுப்பினாள், சத்தியபாய் வீட்டைத் தவிர. கர்த்தருடைய கிருபை, கேட்டதற்கு மேலாகக் கொடுத்தார் என்று சங்கக் கூட்டத்தில் சாட்சி சொன்னாள். கொடு, கொடு, எல்லோருக்கும் கொடு என்று பெமிலா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். ஏழு மாதம்.

அவள் இரணியலுக்குப் போனதும் நல்ல எண்ணத்தில் அல்ல. லீவு நாளில் பஸ் ஏறியபோது அவள் மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். நேசம்மாளின் மகளுக்கு என்ன காத்திருக்கிறது என்பதைத் தன் கண்ணால் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். பார்த்து வைத்துக்கொண்டால் வரப்போகும் நாட்களை இன்னும் நன்றாக அனுபவிக்கலாம்.

ஜெஸ்பின் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் இருந்தது. அவள் இடது கையால் துணியை நகர்த்திக்கொண்டிருந்தாள். வலது மணிக்கட்டு வளைந்து, விரல்கள் பாதி மடங்கியபடி இருந்தன. உடைந்த எலும்பை நாள்கணக்கில் கட்டாமல் விட்டால் இப்படித்தான் சேரும் என்று பெமிலாவுக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. எத்தனை நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்று கேட்டாள்.

பன்னிரண்டு நாள் என்றாள் ஜெஸ்பின். தைலம் போட்டுக் கட்டினால் சரியாகும் என்று சொன்னார்களாம். அப்போது ஊரிலேயே இருந்த சிஜோ எதற்காக அடிப்பான் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. மீனில் உப்பு கூடினாலும் அடிப்பான், குறைந்தாலும் அடிப்பான். அதையெல்லாம் வேறு யாருக்கோ நடந்ததுபோலச் சொல்லிக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் மட்டும் நின்றாள்.

"அவன் அடிக்கத் தொடங்கினா அவனுக்க அம்மை எழும்பி டிவிக்குச் சத்தம் கூட்டி வைப்பாவ. அதைக் கேட்டாத்தான் எனக்கு இப்பவும் நடுங்கும் அக்கா."

பெமிலா அவளுடைய கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தாள். நீளவில்லை. இதை அனுபவிக்கத்தான் வந்தேன் என்று நினைத்தபோது அவளுக்குத் தன் உடம்பே கூசியது. போகும்போது ஜெஸ்பின் வாசல்வரை வந்தாள்.

"அவனுக்கு வேற பொண்ணு பாக்கியாவன்னு தெரியும். யாராவது விசாரிக்க வருவாவன்னு நானும் இருந்தேன். ஒருத்தரும் வரல்ல. நீங்கதான் மொத ஆளு."

அன்று சாயங்காலமே பெமிலா ராஜையன் வீட்டுக்குப் போனாள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அந்தப் படியில் கால் வைத்தாள். ராஜையன் அழைப்பிதழ் கட்டுகளைப் பிரித்து உறைமேல் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். நேசம்மாள் எழுந்து நின்றாள், உட்காரச் சொல்லவில்லை. பெமிலா நின்றபடியே பார்த்ததைச் சொன்னாள். கையைப் பற்றிச் சொன்னாள். பன்னிரண்டு நாளைப் பற்றிச் சொன்னாள்.

ராஜையன் பேனாவை மூடி வைத்தார். அவருக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை.

"தெரியும்" என்றார். "ஒரு தடவ கெட்டி முறிஞ்சது எங்களுக்குத் தெரியும். கோர்ட்டுப் பேப்பரும் மறுபடி கெட்ட சபை மேலிடத்துக்க அனுமதியும் எல்லாம் இருக்கு. அதனாலதான் நகை, ரொக்கம் ஒண்ணும் அவிய வாய்திறந்து கேக்கல்ல. பொம்பளப் பிள்ளையைக் கெட்டிக் குடுக்கிய கஷ்டம் ஒனக்குத் தெரியாது."

இந்த மாவட்டத்தில் ஒரு தகப்பன் பெண்ணைக் கட்டிக்கொடுக்க என்னென்ன விற்கவேண்டும் என்பது பெமிலாவுக்கு நன்றாகவே தெரியும். கைமுறிக்கிற மாப்பிள்ளை மலிவாகக் கிடைப்பான் என்பது மட்டும்தான் அவளுக்குப் புதிது. லிஜிக்குத் தெரியுமா என்று கேட்டாள். சமையலறையில் லிஜி ஓட்டிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது.

நேசம்மாளின் முகம் சிவந்திருந்தது. "ஒம்பது வருசம் காத்திருந்து வந்திருக்கா. நான் ஒனக்குச் செஞ்சதை நீ எனக்குச் செய்யாம இருப்பியா? நானாயிருந்தா இருப்பேனா?"

சொல்லிவிட்டு நிறுத்தினாள். அவள் என்ன சொல்லிவிட்டாள் என்பது அறையில் இருந்த மூன்று பேருக்கும் புரிந்தது. கமிட்டியிலும் போதகர் முன்னாலும் சத்தியம் பண்ணி மறுத்த காரியம் அது.

"இவ்வளவு காலமும் 'நான் ஒண்ணும் சொல்லல்லே'ன்னுதானே மாமி சொன்னிய" என்றாள் பெமிலா. திரும்பிப் படியிறங்கினாள்.

இரண்டு நாளில் இப்போதைய போதகர் பெமிலாவின் வீட்டுக்கு வந்தார். இளம் வயது, மரியாதையானவர். ராஜையன் வந்து வருத்தப்பட்டதாகச் சொன்னார். பழைய கசப்பை மனதில் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் வாழ்வைக் குலைக்கக் கூடாது, மன்னிப்பதுதான் நமக்கு அழகு என்றார். பெமிலா தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அதுவரை மகளிடம் முகம்கொடுத்துப் பேசாமல் இருந்த சத்தியபாய் சுவரோரத்திலிருந்து முன்னால் வந்தாள்.

"மன்னிக்கியது எப்பமும் எங்க வீட்டுக்கு மட்டும்தானா பாஸ்டர்? செஞ்சவிய வீட்டுக்குப் போய் ஒரு நாளாவது செய்யாதீங்கன்னு சொல்லப்பிடாதா?"

போதகர் அந்த முறை ஜெபம் பண்ணாமல் எழுந்து போனார். பெமிலா அம்மாவைப் பார்த்தாள். "மீன் வாங்கி வச்சிருக்கேன், சாப்பிட்டுட்டுப் போ" என்றாள் சத்தியபாய்.

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில் லிஜி பெமிலாவின் பக்கத்தில் வந்து நின்றாள். கண்ணிமை வீங்கியிருந்தது. பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே அந்தப் பெண்ணின் வீடு எங்கே என்று கேட்டாள். பெமிலா கைப்பையிலிருந்து மருந்துச்சீட்டு ஒன்றை எடுத்து அதன் பின்பக்கத்தில் விலாசம் எழுதிக் கொடுத்தாள். வேறெதுவும் சொல்லவில்லை. சொன்னால் அதில் தன் பழைய கோபமும் கலந்துவிடும் என்று பயந்தாள்.

லிஜி போய்ப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து தனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றாள். நேசம்மாள் அழுதாள், இரண்டு வேளை சாப்பிடாமல் படுத்தாள். ராஜையன் அச்சடித்த அழைப்பிதழைக் காட்டினார். ஒருமுறை நின்றுபோனால் அப்புறம் யார் வருவார்கள், பக்கத்து வீட்டில் பார்க்கவில்லையா என்றார். எல்லாம் சரியாகிவிடும் என்று மஸ்கட்டிலிருந்து சிஜோவும் போனில் பேசினான். நாலாவது நாள் லிஜி பேசுவதை நிறுத்திவிட்டாள். சம்மதித்துவிட்டாள் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கல்யாண அறிவிப்பு வாசிக்கப்பட்டது. மூன்று வாரம் வாசிப்பார்கள், அது மூன்றாவது வாரம். ராஜையனின் குமாரத்தி லிஜிக்கும் இரணியலைச் சேர்ந்த சிஜோவுக்கும் நடக்கவிருக்கும் திருமணத்துக்கு யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் இப்போது தெரிவிக்கலாம் என்று போதகர் வாசித்தார். அடுத்த அறிவிப்புக்குத் தாளைப் புரட்டினார். அந்த ஆலயத்தில் யாருக்கும் நினைவு தெரிந்து அந்த இடத்தில் ஒருவரும் எழுந்ததில்லை.

லிஜி எழுந்தாள்.

"எனக்கு ஆட்சேபம் இருக்கு" என்றாள்.

போதகருக்குப் புரியவில்லை. ஆராதனை முடிந்து பேசலாம், உட்காரம்மா என்றார்.

"இப்பம் கேட்டதுனால இப்பம் சொல்லியேன். பொண்ணு நானாக்கும். அவன் முன்ன கெட்டின பிள்ளைக்க கையை நான் பாத்தேன். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்."

அவள் உட்காரவில்லை. கமிட்டிக்காரர்களுக்கான முன்வரிசையில் ராஜையன் நெற்றியைக் கையால் மூடிக்கொண்டார். நேசம்மாள் திரும்பினாள். மகளைப் பார்க்கவில்லை. நாலு பெஞ்சுக்குப் பின்னால் இருந்த பெமிலாவைப் பார்த்தாள்.

ஆராதனை முடிந்து எல்லோரும் முற்றத்தில் கூடினார்கள். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. லிஜியைச் சுற்றி அதற்குள் பேச்சு எழுந்திருந்தது. பெண்ணுக்கு இவ்வளவு தைரியமா, வேறு எவனாவது இருப்பான், இல்லாவிட்டால் சபை நடுவில் எழுந்து நிற்பாளா என்று ஒருத்தி சொன்னது பெமிலாவின் காதில் விழுந்தது. அந்த வார்த்தை புறப்பட்டுவிட்டது. இனி அது வீடுவீடாகப் போகும், லிஜியோடு கூடவே இருக்கும், எந்த வாசலிலும் அவளுக்கு முன்னால் போய் நிற்கும்.

நேசம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெமிலாவின் முன்னால் வந்தாள்.

"பழிவாங்கிட்டியே. மனசு நெறஞ்சாச்சா?"

தான் நல்லவார்த்தை சொன்னதற்கு இரணியல்காரர்களே சாட்சி என்று பெமிலா அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வீட்டில் நேசம்மாள் தன் வாயாலேயே ஒத்துக்கொண்டதையும் சொல்லியிருக்கலாம். முற்றம் நிறைய ஆட்கள் இருந்தார்கள், கேட்க எல்லோரும் தயாராக இருந்தார்கள். அப்பாவின் கல்லறை அங்கிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில்தான் இருந்தது. பெமிலா சுற்றிலும் பார்த்தாள். லிஜி படிக்கட்டில் தனியாக நின்றிருந்தாள்.

"ஆமா மாமி" என்றாள் பெமிலா, எல்லோருக்கும் கேட்கும்படி. "பழைய பகைக்குத்தான் செஞ்சேன். நான் கலைச்சு விட்டுத்தான் அவ எழும்பினா. பிள்ளையை ஒருத்தரும் ஒண்ணும் சொல்லாதீங்க."

எல்லா முகமும் அவள் பக்கம் திரும்பியது. அப்படியா சங்கதி என்று ஒருவர் சொன்னார். பாவம், ஒன்றும் தெரியாத பிள்ளையைக் கெடுத்துவிட்டாளே என்று, சற்று முன் வேறு எவனையோ பற்றிச் சொன்ன அதே பெண் சொன்னாள். நேசம்மாள் வாய்விட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டபோது பெமிலாவுக்குள் எங்கோ ஓரிடம் குளிர்ந்தது உண்மை. அவள் அதை மறைத்துக்கொள்ள விரும்பவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் சத்தியபாய் பிடித்த கையை விடவில்லை.

ஊர் அதையே நம்பியது. லிஜி தங்கமான பிள்ளை, பக்கத்து வீட்டுக்காரிதான் வன்மத்தில் கலைத்துவிட்டாள் என்று பேசினார்கள். இரண்டு மாதம் கழித்துப் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் கூட்டத்தில் விசேஷ ஜெபக் குறிப்பு ஒன்று வைக்கப்பட்டது. சகோதரி பெமிலாவுக்குக் கர்த்தர் மன்னிக்கிற இருதயத்தைத் தரும்படி ஜெபிக்க வேண்டும். ஜெபத்தை நடத்தியவள் செயலாளர் நேசம்மாள். குரல் தழுதழுக்க நெடுநேரம் வேண்டிக்கொண்டாள். பெண்கள் எல்லோரும் கண்ணை மூடித் தலைகுனிந்திருந்தார்கள்.

லிஜி கண்ணைத் திறந்தாள். அம்மாவின் பக்கத்திலிருந்து எழுந்து, குனிந்த தலைகளுக்கு நடுவே நடந்து, பின்னால் சுவரோரம் தனியாக உட்கார்ந்திருந்த பெமிலாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்தபோது நேசம்மாள் முதலில் பார்த்தது அதைத்தான்.